கரிச்சான் எப்போது திரும்புகிறது?

பங்குனி பிறந்தால் போதும், புவனகிரியில் கொல்லைப்புறத்து ரசிகர்கள் ஆளுக்காள் சொல்லும் புகார் ஒன்றுதான்: கரிச்சான் வம்புச்சண்டைக்காரன். காக்காயை விரட்டுகிறான், பருந்தின் முதுகிலேயே கொத்துகிறான், முரட்டு ஆட்டம். விரட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு டீ ஆறுவதற்குள் எழுதிய தீர்ப்பு இது.

வெள்ளாற்றுப் பக்கம் ஒரு வேப்பமரத்தில் கூடு வைத்திருக்கும் ஜோடியைப் பாருங்கள். அதில் ஒன்று எப்போதும் மின்கம்பியில் நிற்கும். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே ஜெர்சி. காகம் மரத்தை நோக்கி வந்ததும் கம்பியை விட்டுக் கிளம்பி, மேலே ஏறி, பின்பக்கமாக வந்து பிடரியில் ஒன்று வைக்கும். காகம் தடுமாறி வயல் பக்கம் சாயும். இன்னும் இரண்டு போடலாம், நமக்கும் அதுதான் ஆசை. ஆனால் கரிச்சான் சட்டென்று திரும்பிவிடும். நான் கைதட்டுவது இந்த இடத்தில்தான்.

பயந்து திரும்பவில்லை. காகம் பெரும்பாலும் இரண்டாக வரும். முதலாவதின் பின்னால் வெகுதூரம் போனால், இரண்டாவதுக்குக் கூடு திறந்த வீடு. கிளைக் கவட்டில் மெல்லிய கிண்ணம் போன்ற கூடு, அதில் மூன்று நான்கு முட்டை. காகமோ எடையில் கரிச்சானைப் போல ஐந்தாறு மடங்கு. மோதி இறக்கை ஒடிந்தால் அந்தப் பருவமே போச்சு. தேவையான அளவுக்கு அடித்து, எல்லை தாண்டியதும் விட்டுவிடும் இந்தக் கணக்கு எத்தனை தடுப்பாட்டக்காரர்களுக்கு வரும்?

யாரை விரட்டாமல் விடுகிறது என்பதையும் கவனியுங்கள். அதே மரத்தில் மணிப்புறா கூடு வைக்கும், கொண்டைக்குருவி கூடு வைக்கும். வம்புக்காரனாக இருந்தால் முதல் அடி அவற்றுக்குத்தானே விழுந்திருக்கும்? அவை சம்பளமில்லாத காவலுக்குக் கீழே நிம்மதியாக அடைகாக்கின்றன.

மைனாக் கட்சிக்காரர்கள் உடனே எழுந்து நிற்பார்கள். வல்லூறு மாதிரிக் குரல் கொடுத்து, மைனா பதறிப் போட்டுவிட்டு ஓடும் இரையைக் கரிச்சான் தூக்கிக்கொள்வது உண்மைதான். அவர்கள் அதைத் தப்பாட்டம் என்பார்கள், நான் சமயோசிதம் என்பேன். என் சார்பு தெரிகிறதா? தெரியட்டும். உளுந்து வயலில் காய்ப்புழுவைப் பிடிக்கத்தான் ஹெக்டேருக்கு 50 பறவைத் தாங்கி நடச் சொல்கிறது வேளாண் பரிந்துரை. அந்தக் குச்சியில் வந்து உட்கார்வது யார் என்று விவசாயியைக் கேளுங்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். சம்பா தரிசில் போட்ட உளுந்து அறுவடையானதும் வயலில் பூச்சி குறையும். ஆட்டம் மாடுகளின் முதுகுக்கும், இருட்டிய பிறகு கடைத்தெரு விளக்கடிக்கும் மாறும். காகங்கள் இன்னும் ஒரு வாரம் ஜோடியாக வந்து முயன்று பார்க்கும். கம்பியில் நிற்பது விரட்டப் போகும், மற்றது கூட்டைவிட்டு அசையாது. சித்திரையில் காகமே கூடு கட்டி உட்காரும்போது குயில் வந்து சேரும். பிறகு தன் முட்டையைக் காக்கவே காகத்துக்கு நேரம் போதாது. அதற்குள் வேப்பமரத்துக் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். காகத்தின் பக்கம் பந்தயம் கட்டியிருக்கும் டீக்கடை நண்பர்கள் பணத்தை எடுத்து வைக்கலாம்.