டர்போதான், வேறு பேச்சே இல்லை

இன்ஜின் மாற்றிய காரை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பவர் வேணும், என்ன போடலாம்?" என்று கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: டர்போ போடுங்கள். சூப்பர்சார்ஜரை நேசிக்கிறவர்களை எனக்குத் தெரியும். நைட்ரஸ் சிலிண்டரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிற நண்பர்களும் உண்டு. ஆனால் பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய வி8 இன்ஜினைச் சின்ன காரில் இறக்கி, அதையே அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் ஓட்டுகிறவருக்கு டர்போ அளவுக்குப் பொருந்துகிற சாமான் வேறு இல்லை.

ஹூஸ்டனில் நான் ஓட்டுவது நிஸ்ஸான் 240எஸ்எக்ஸ், எஸ்13 மாடல். இதே உடம்புக்கு ஜப்பானில் இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வந்தது 2.4 லிட்டர் நாலு சிலிண்டர், 155 குதிரைத்திறன். சேஸிஸ் தங்கம். பின்சக்கர இயக்கம், எடை 1,250 கிலோவை ஒட்டி, ஸ்டீயரிங்கைத் தொட்டாலே மூக்கு திரும்பும். இன்ஜினுக்கு மட்டும்தான் அவசரமே கிடையாது.

அந்தக் குறைக்கு மருந்து காயலான் கடையில் இருக்கிறது. 1999 முதல் 2007 வரை செவ்ரோலெட் சில்வராடோ, டாஹோ வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் எல்எம்7 வி8. 1997 கார்வெட்டோடு அறிமுகமான எல்எஸ்1 குடும்பத்துப் பிள்ளை. வார்ப்பிரும்பு பிளாக், ஒவ்வொரு மெயின் கேப்புக்கும் ஆறு போல்ட். கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் ஒல்லி. வி8 என்றாலும் நிஸ்ஸானின் குறுகலான வயிற்றுக்குள் அழகாக இறங்கிவிடும். 1998 முதல் 2002 வரை வந்த காமரோவின் டி56 ஆறு கியர் பெட்டி நேரே மாட்டிக்கொள்கிறது. அலுமினிய பிளாக்கைவிட நாற்பது கிலோ சொச்சம் கூடுதல் எடைதான். ஆனால் டர்போ போடப்போகிறவருக்கு அந்த இரும்பு சுமை இல்லை, காப்பீடு. அமுக்க விகிதமும் 9.5தான். பூஸ்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி.

இனி மற்ற இரண்டையும் பார்ப்போம். நியாயமாகவே பார்ப்போம்.

நைட்ரஸ் விலை மலிவு, எடை குறைவு, ஒரு நாளில் மாட்டிவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடில் எடைக் கணக்கில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23தான். சிலிண்டருக்குள் ஏறக்குறைய 300 டிகிரி சூட்டில் அது பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கும். பாய்கிறபோதே உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் மெல்லிய காற்றுள்ள உயரத்தில் பறக்க இதைத்தான் நம்பின. எல்லாம் சரி. ஆனால் நூறு குதிரைத்திறன் ஜெட்டில் பத்து பவுண்டு சிலிண்டர் இரண்டு நிமிடம் தாங்கினால் பெரிது. அப்புறம் நிரப்பும் கடையைத் தேடிப் போகவேண்டும். டெக்ஸாஸ் வெயில் வேறு இருக்கிறது. 36 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது, அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேல் எகிறும். ஆகஸ்டு மாத ஹூஸ்டனில் பூட்டி நிறுத்திய காரின் டிக்கி எவ்வளவு சுடும் என்று இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ட்ராக்கில் ஓடுகிறவர்களுக்கு அது வரம். தினமும் ஓட்டுகிறவருக்கு அல்ல.

சூப்பர்சார்ஜர் என் மனதுக்கு நெருக்கமான எதிரி. இன்டியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய காற்றூதி, உலைகளுக்குக் காற்று ஊதிவிட்டுக் கடைசியில் கார் இன்ஜினின் தலையில் வந்து உட்கார்ந்தது. மிதித்த கணமே இழுக்கும். அந்த இழுப்புக்கு ஈடே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உட்காரும் இடம் இன்ஜினின் உச்சி. எஸ்13-இன் பானெட்டோ தாழ்ந்தது. ஓட்டை போடாமல் மூடாது. அந்த அழகான மூக்கை வெட்ட எனக்குக் கை வராது. போதாததற்கு பெல்ட் வழியாக கிராங்கிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டுதான் அது சக்தி கொடுக்கிறது. மையவிலக்கு சூப்பர்சார்ஜர் பக்கவாட்டில் அடக்கமாக உட்காரும், அது உண்மை. ஆனால் அதன் அழுத்தம் சுழற்சியின் வர்க்கத்தில் ஏறுகிறது. 6,000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ தருவது 3,000-இல் 2 பிஎஸ்ஐ பக்கம்தான் தரும். சாலையில் நாம் இருப்பது பெரும்பாலும் அந்த மூவாயிரத்தில்.

டர்போ என்றதும் என் நண்பன் சொன்னது: "மச்சி, லேக் இருக்கும்டா. மிதிச்சிட்டு உக்காந்திருக்கணும்." சின்ன நாலு சிலிண்டர் இன்ஜின்களை வைத்து வந்த பயம் அது. 5.3 லிட்டர் வி8 வெளியே தள்ளும் புகையின் அளவுக்கு முன்னால் அந்தப் பயம் நிற்காது. நான் போட்டது போர்க்வார்னர் எஸ்475, ஒற்றை டர்போ. மூவாயிரத்தைத் தாண்டும்போதே பூஸ்ட் முழுசாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குக் கீழேயும் கையில் இருப்பது வி8தானே? இழுவைக்குப் பஞ்சமே இல்லை.

எனக்குப் பித்துப் பிடிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. பிக்கப்பின் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டையும் திருப்பி, வாய் முன்பக்கம் பார்க்க மாட்டினால் அதுவே டர்போ மேனிஃபோல்டு! காயலான் கடையில் இன்ஜினோடு வந்த இரும்பு அது. பளபளக்கும் எஃகுக் குழாய்கள் விரிசல் விடுகிற சூட்டிலும் அது அசையாது. இடப்பக்கம் ஸ்டீயரிங் தண்டும் பிரேக் பூஸ்டரும் இருப்பதால் டர்போவை வலது முன் மூலையில் வைத்தேன். ஆயில் திரும்பும் குழாய் டர்போவிலிருந்து இறக்கமாக, எங்கும் தொய்வில்லாமல் போகவேண்டும், ஏனென்றால் அந்த எண்ணெயைக் கீழே கொண்டுபோவது புவியீர்ப்பு மட்டுமே. இதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்ஜினுக்குள் செய்யவேண்டிய முக்கியமான வேலை ரிங் இடைவெளி. பூஸ்டில் மேல் ரிங் சூடேறி விரியும். இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் விளிம்பே பெயர்ந்து போகும். 3.78 அங்குல போருக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் 23 பங்கு இடைவெளி வைத்தேன். ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி மட்டமாக்கி, ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்கவேண்டும். இறுக்கமாக இருந்தால் எடுத்து இரண்டு இழுப்பு தேய்த்து, பிசிறை நீவி, மறுபடி விட்டுப் பார்க்கவேண்டும். தகடு லேசாக உராய்ந்துகொண்டே உள்ளே போகும்போது விரல் நுனியிலேயே 'சரி' என்று தெரியும். எட்டு சிலிண்டருக்கும் இதே பூசை. நான் இவ்வளவு ரசித்துச் செய்த வேலை வேறு இல்லை. இந்தக் கவனத்தோடு இதே குடும்பத்துக் காயலான் கடை 4.8 லிட்டர் இன்ஜினை, இன்ஜின்களைச் சோதித்துக் காட்டுகிற ரிச்சர்ட் ஹோல்டனர் டைனோவில் ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கொண்டுபோய்க் காட்டினார் என்றால் இந்தக் குடும்பத்தின் உறுதியை என்னவென்று சொல்வது!

எனக்கு ஆயிரம் வேண்டாம். 8 பிஎஸ்ஐ வேஸ்ட்கேட் ஸ்பிரிங், முன்னால் ஒரு இன்டர்கூலர், லேசான கேம். பின்சக்கரத்தில் 480 குதிரைத்திறன் பக்கம் வருகிறது. இந்த எடைக்கு அது அபரிமிதம். பண்ணைகளுக்கு நடுவே போகிற ஃபார்ம்-டு-மார்க்கெட் சாலையில் மூன்றாம் கியரில் மிதிக்கும்போது முதலில் விசில் மெலிதாகக் கேட்கும், அப்புறம் முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டு ஒரே சீராக, முடிவே இல்லாத மாதிரி ஒரு இழுவை. காலை எடுத்ததும் புஸ் என்று மூச்சு விடுகிறது. அடுத்த நிமிடமே ஆறாவது கியரில் பூஸ்ட் பூஜ்யத்தில் ஏசியோடு சாதுவாக ஓடுகிறது. டர்போவே சைலன்சர் வேலையும் பார்ப்பதால் பக்கத்து வீட்டுக்காரர்களோடும் உறவு பழுதில்லை. சக்தியும் சாந்தமும் ஒரே காரில்!

செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்கு (ஜிஎம்) வி8-டர்போ ஜோடி புதிதும் அல்ல. 1962-இலேயே ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் 3.5 லிட்டர் அலுமினிய வி8-க்கு டர்போ வைத்து 215 குதிரைத்திறன் எடுத்தார்கள். இன்ஜின் தட்டாமல் இருக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஓட்டுநர் நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும், பலர் நிரப்பவில்லை. அந்தத் திரவத்தின் வேலையை இன்று எனக்குச் செய்வது எத்தனால் எரிபொருளான இ85. அதன் ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது குளிர்ச்சியும் தரும். பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றவேண்டும், அவ்வளவே. வால்ப்ரோ 450 பம்ப், மணிக்கு 80 பவுண்டு இன்ஜெக்டர், பூஸ்டைப் படிக்கத் தெரிந்த 2 பார் மேப் சென்சார், பழைய ஜிஎம் கம்ப்யூட்டரிலேயே கவனமான ட்யூன். போதும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் முதலில் அந்த மாநிலத்தின் மாசு விதிகளைப் பாருங்கள். இன்ஜின் மாற்றமும் டர்போவும் அங்கே அனுமதி கேட்கும். மற்றபடி யோசிக்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். கையில் இருக்கும் பணத்தில் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், காற்று-எரிபொருள் மீட்டர், நல்ல ட்யூனர் இந்த நான்குக்கும் முதலில் ஒதுக்குங்கள். டர்போவைக் கடைசியாக வாங்குங்கள், ஆனால் கட்டாயம் வாங்குங்கள்.