தைத்த நிலமும் மறைந்த தையலும்

கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய உதவியுடன் 1956இல் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 1:40,000 என்ற அளவுத்திட்டத்தில் வான்வழியே படமெடுக்கப்பட்டபோது, பின்னாளில் பொவதென்ன, மொரகஹகந்த நீர்த்தேக்கங்களுக்குள் மூழ்கவிருந்த நாவுலப் பகுதியின் தாழ்நிலங்களும் அப்படங்களில் பதிவாயின. நாலந்த கெடிகே என்னும் கற்கோயில், பொவதென்னத் திட்டத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீள அடுக்கப்படுமுன் வயல்களுக்கிடையே நின்ற இடத்தைச் சூழலோடு சேர்த்துக் காண இன்று இத்தகைய படங்கள் துணைசெய்கின்றன.

இவற்றை ஓரம் பொருத்தி ஒரே பெரும்படமாக்குவதே ஒட்டுப்படம். அடுத்தடுத்த படங்கள் வழக்கமாக 60 விழுக்காடு ஒன்றையொன்று கவிந்திருக்கும். திரிபு குறைந்த நடுப்பகுதி மட்டும் வெட்டி ஒட்டப்படும். தனிப்படத்தில் துண்டுபட்டுத் தெரியும் குளம், வயல், காடு ஆகியவற்றின் தொடர்பு இதில் முழுமையாகப் புலப்படுவது இம்முறையின் பெரும்பேறு.

ஆயினும் நாவுலவைப் போன்ற குன்றுப்பாங்கான நிலத்தில் இது எளிதில் பிழைபடும். ஒளிப்படம் ஒரே புள்ளியிலிருந்து நிலத்தை நோக்குவதால், உயர்ந்த இடங்கள் படத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்கின்றன. 6 கி.மீ. உயரத்திலிருந்து எடுத்த படத்தில், மையத்துக்கு 8 செ.மீ. தொலைவிலுள்ள 300 மீற்றர் உயரக் குன்றின் உச்சி 4 மி.மீ. விலகும், மேற்கண்ட அளவுத்திட்டத்தில் அது தரையில் 160 மீற்றர். எல்லைப் பிணக்கொன்றில் இவ்வளவு பிழை ஒரு குடும்பத்தின் வயலையே விழுங்கிவிடும். தரையுயரத் தரவைக் கொண்டு இச்சாய்வைத் திருத்திய நிமிர்படம் இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது.

இன்று ட்ரோன் படங்களைக் கணினி தானே இணைக்கிறது. ஆனால் அது பொதுப்புள்ளிகளைத் தேடியே இணைப்பதால், சலனமுள்ள, அடையாளமற்ற நீர்ப்பரப்பில் தடுமாறி, நீர்த்தேக்கத்தின் நடுவே ஓட்டையையோ நெளிவையோ விட்டுச்செல்கிறது. இது கண்ணுக்குத் தெரியும் குறை என்பதால் ஏமாற்றுவதில்லை. காலத்தின் குறையே கொடியது: வறட்சியில் எடுத்த படமும் மழைக்குப்பின் எடுத்த படமும் நிறஞ்சமன் செய்யப்பட்டு அருகருகே அமரும்போது, ஒருபோதும் இருந்திராத கரையொன்று உருவாகிறது. கத்தரியின் தடம் தெரிந்த பழைய காகித ஒட்டுப்படம் இவ்வகையில் நேர்மையானது. அதன் தையல் எங்கே பொழுது மாறியது என்பதைக் காட்டியது. ஆகவே ஒவ்வொரு துண்டின் நாளையும் தையற்கோட்டையும் குறிக்கும் தனி வரைபு இணைக்கப்படாத பெரும்படம், எவ்வளவு தெளிவாயினும், அன்று நீர் எம்மட்டத்தில் நின்றது என்ற கேள்விக்குச் சான்றாகாது.