‘இணைப்பில்லா எந்திரம்’: ஒரு சொல்லாட்சி குறித்த மதிப்பீடு

2024 மே 9 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், முப்பரிமாண அச்சில் உருவான பிஎஸ்4 எந்திரத்தை 665 நொடிகள் இயக்கிச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றாயின. 19 பற்றவைப்பு இணைப்புகள் நீங்கின. அதே மாதம் 30ஆம் நாள் சென்னை அக்னிகுல் நிறுவனம், ஒரே பாகமாக அச்சிட்ட எந்திரத்துடன் அக்னிபானைச் சோதனையாக ஏவியது. இத்தகையவற்றை ‘இணைப்பில்லா எந்திரம்’ எனப் போற்றுவது வடிவமைப்பு நோக்கில் சரி. உலோகவியல் நோக்கில் பொருந்தாது.

லேசர் கற்றை உலோகத் தூளை இழையிழையாக உருக்கி உறையச் செய்கிறது. ஒவ்வோர் இழையும் ஒரு நுண்பற்றவைப்பே. எனவே இணைப்பு நீங்கவில்லை. பொருள் முழுவதும் பரவியுள்ளது. நிக்கல் மீவுலோகக் கலவைகளுள் இன்கோனல் 718 இதற்கு இசைகிறது. நியோபியம் சார்ந்த அதன் வலுவூட்டும் படிவு மெதுவாகவே தோன்றும். அலுமினியமும் டைட்டானியமும் மிகுந்த இன்கோனல் 738, கூடுதல் வெப்பத்திலும் வலிமை குன்றாதது. ஆயினும் அச்சிடுகையில் எளிதில் விரிசலுறும்.

‘விரிசல்’ என்னும் ஒரு சொல் இங்குப் போதாது. உறைதலின் இறுதியில் மணிகளுக்கிடையே எஞ்சிய நீர்மப் படலம் சுருக்கத்தால் பிளப்பது உறைவு விரிசல். முன்பே உறைந்த பகுதி மறுசூட்டில் மணி எல்லைகளில் உருகிப் பிளப்பது உருகல் விரிசல். பின்னைய வெப்பப் பதப்படுத்தலில், எஞ்சிய தகைவு தளர்வதற்குள் படிவுகள் தோன்றி உலோகம் கடினமுற்றுப் பிளப்பது முதிர்வு விரிசல். மூன்றுக்கும் தீர்வு வேறு. 2017இல் அமெரிக்காவின் எச்ஆர்எல் ஆய்வகம், 7075 அலுமினியக் கலவைத் தூளில் சிர்க்கோனியம் சார்ந்த நுண்துகள்களைச் சேர்த்து விரிசலின்றி அச்சிட்டது. மணிகளை நுண்மையாக்கும் அவ்வழி உறைவு விரிசலுக்குரியது. அதையே முதிர்வு விரிசலுக்கும் மருந்தாகக் கருத இயலாது. அதற்குக் கலவையின் படிவு வேகத்தையும் எஞ்சிய தகைவையும் குறைத்தல் வேண்டும்.

ஆகவே, கலைச்சொல் வேறுபாடு இங்கு அணியன்று. காரணத்தைப் பிரித்தறியும் கருவி. புதுச்சேரியின் சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டைகளில் பற்றவைப்புப் பணிக்கு வருவோர், சூட்டில் தோன்றும் விரிசலையும் ஆறியபின் தோன்றும் விரிசலையும் வேறுபடுத்தும் அறிவைத் தொழிற்பயிற்சியிலேயே பெறக்கூடியவர்கள். ‘இணைப்பில்லா’ என்னும் அடைமொழி அவ்வறிவைப் புதிய தொழில்நுட்பத்திற்குத் தொடர்பற்றதாகக் காட்டுகிறது. ‘முழுதும் பற்றவைப்பால் ஆனது’ என்று எழுதும் தமிழே, அத்தொழிலாளரின் அறிவுக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் உள்ள உண்மையான தொடர்பைக் காட்டும்.