ஒப்பேத்துறதும் பிரேக் கட்டையும்

ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம் ஒரு சந்தில் ரெண்டு மாசம் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வந்த வாரமே ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். முன் பிரேக்கில் ஒரு பக்கக் கட்டை தேய்ந்து தகரம் தெரிந்தது. கடைக்குப் போகச் சோம்பல். பழைய டயர் துண்டு ஒன்று கிடைத்தது, அதை பிளேடால் அறுத்து, அளவு பார்த்து, தகர ஷூவுக்குள் அழுத்திச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. போட்டோ எடுத்து ரெண்டு நண்பர்களுக்கு அனுப்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "செம மூளைடா" என்று ஒருத்தன் பதில் போட்டான்.

ரெண்டு நாள் நன்றாகவே பிடித்தது. மூணாம் நாள் காலையில் செங்கம் சாலையில் ஒரு வயசான அம்மா, கையில் துணிப்பை, பேருந்து வருகிறதா என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சாலையில் இறங்கினார். நான் பிரேக்கை இழுத்தேன். கட்டை ஷூவிலிருந்து உருவிக்கொண்டு முன்னால் பறந்தது. காலைத் தேய்த்து, வண்டியைச் சாய்த்து, நானும் விழுந்தேன். முழங்கை உரிந்ததோடு போயிற்று. அந்த அம்மா என்னைத் தூக்கிவிட்டு, "பார்த்து வரக்கூடாதா கண்ணு" என்றார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

இதை இங்கே எழுதக் காரணம், அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகம். நவி ராஜூ, ஜெய்தீப் பிரபு, சிமோன் அகுஜா மூவரும் எழுதி 2012இல் வெளியான 'ஜுகாட் இன்னோவேஷன்'. ராஜூ பிறந்தது பக்கத்துப் பாண்டிச்சேரியில். கையில் இருப்பதை வைத்துக் காரியத்தை முடிக்கும் ஏழை நாட்டு சாமர்த்தியத்தைப் பெரிய கம்பெனி மேலாளர்களுக்குப் பாடமாகச் சொல்லும் புத்தகம் அது. ஆறு கொள்கைகள் வகுத்திருக்கிறார்கள். முதல் கொள்கை, இடரில் வாய்ப்பைத் தேடு. அதில் ஒரு சைக்கிளும் வருகிறது. அஸ்ஸாமைச் சேர்ந்த கனக் தாஸ், குண்டும் குழியுமான சாலையில் சைக்கிள் குலுங்கும்போது அந்தக் குலுக்கலையே பின் சக்கரத்துக்கு உந்துவிசையாக மாற்றும் ஒரு அமைப்பைச் செய்தவர். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. குழியில் வேகமாகப் போக வழி கிடைத்துவிட்டது, சரி. அந்த வண்டி எப்படி நிற்கும்? யாரும் கேட்கவில்லை. குழி ஏன் அப்படியே கிடக்கிறது என்பதையும் கேட்கவில்லை, அது வேறு கதை.

ஜுகாட் என்ற சொல்லையே கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். பஞ்சாப், ஹரியானா பக்கம் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினை ஒரு மரச் சட்டத்தில் மாட்டி, ஆள்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிக்கே அந்தப் பெயர் உண்டு. அந்த வண்டியைப் பற்றி எல்லோரும் சொல்வது அதன் பிரேக் லட்சணம். பிடிக்காதபோது ஏறியிருப்பவர்களில் ஒருத்தர் கீழே குதித்து சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைப் போட வேண்டும். நிர்வாகவியல் உலகம் கொண்டாடிய சொல், நிறுத்தத் தெரியாத ஒரு வண்டியின் பெயருமாக இருப்பது எனக்கு வெறும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்வோம்? 'ஒப்பேத்துறது' என்றுதான் சொல்வோம். ஆனால் இந்தியில் ஜுகாடுக்கு இருக்கிற பெருமை நம்ம ஒப்பேத்துறதுக்குக் கிடையாது. "எப்படியோ ஒப்பேத்திட்டான்" என்றால் பாராட்டு பாதி, சலிப்பு பாதி. வேலை முடியவில்லை, தள்ளிப்போயிருக்கிறது என்ற அர்த்தம் அதற்குள்ளேயே இருக்கிறது. கூடவே வரும் இன்னொரு சொல் 'இப்போதைக்கு'. எந்த சைக்கிள் கடையிலும் இது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும். "இப்போதைக்கு ஓட்டுங்க." ஜுகாட் எழுத்துகளில் நான் தேடியும் கிடைக்காதது இந்த ஒரு சொல்தான். அங்கே தற்காலிக ஏற்பாட்டைப் போட்டோ எடுத்த கணத்தில் அது கண்டுபிடிப்பாகிவிடுகிறது, கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மூணாம் நாள் என்ன ஆச்சு என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. நானும் நண்பர்களுக்கு அனுப்பியது முதல் நாள் போட்டோவைத்தான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது ஒரு வேப்பமர நிழலில் இருந்த சைக்கிள் கடையில். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, காற்றடிக்கிற பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணிச் சட்டி. அறுபது வயது இருக்கும் அவருக்கு. ஷூவைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதை யார் மாட்டினது சார்?"

"நான்தாண்ணே."

"மூடின பக்கம் பின்னால போயிடுச்சு பாருங்க."

விஷயம் இவ்வளவுதான். கட்டையைப் பிடித்திருக்கும் தகர ஷூவின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். பிரேக் பிடிக்கிற இடத்தில் ரிம் முன்னோக்கி ஓடுகிறது, கட்டையையும் முன்னோக்கி இழுக்கும். மூடின முனை முன்னால் இருந்தால் கட்டை அதில் போய் முட்டி நிற்கும். நான் ஷூவைக் கழற்றி மாட்டியபோது திறந்த முனை முன்னால் போய்விட்டது. மெதுவாகப் பிடித்த வரைக்கும் இறுக்கமே போதுமாக இருந்தது. உயிர் போகிற மாதிரி இழுத்த அன்றைக்குத்தான் உருவிக்கொண்டது. பிரேக்கில் ஒப்பேத்துவதன் சிக்கலே இது. சும்மா பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் தேறிவிடும்.

கம்பியிலும் இதே கதைதான். கைப்பிடியில் பத்து கிலோ அளவுக்கு அழுத்தினால் உள்ளே ஓடும் கம்பியில் ஏறக்குறைய நாலு மடங்கு இழுவை வரும். அந்தக் கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான், பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. கைப்பிடிக்குள் அதன் குண்டு உட்காரும் இடத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் வளைந்து வளைந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே தெரியாது. அறுந்ததும் நம்ம ஆட்கள் முடிச்சுப் போடுவார்கள், கட்டுக்கம்பி வைத்து முறுக்குவார்கள், மின்சார வேலைக்கு வைத்திருக்கும் திருகு கனெக்டரை மாட்டுவார்கள். எல்லாமே சாதா இழுப்பைத் தாங்கும். முழு இழுப்பில் வழுக்கும்.

கணக்காகவும் பார்த்துவிடலாம். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு வினாடிக்கு ஐந்தரை மீட்டர் நகரும். நல்ல சாலையில் முன் பிரேக் ஒழுங்காக இருந்தால் பிடித்த இடத்திலிருந்து மூணு மீட்டர் சொச்சத்தில் நிறுத்தலாம். பின் பிரேக் மட்டும் என்றால் ஆறு மீட்டருக்கு மேல், ஏனென்றால் நிறுத்தும்போது எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவோம்" என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மழையில் இன்னும் மோசம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் கார்டன் வில்சன் குழு சோதித்தபோது, குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் நனைந்த சாதா ரப்பர் கட்டையின் பிடிப்பு, காய்ந்த நிலையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. நம்ம ஊர் சாதா சைக்கிள்கள் பெரும்பாலும் இரும்பு ரிம்தான். திருவண்ணாமலையில் கூட்டம் உச்சத்துக்குப் போவது கார்த்திகை தீபத்துக்கு, அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்.

பெரியவர் எல்லா ஒப்பேத்தலையும் மறுக்கிற ஆள் இல்லை. நான் உட்கார்ந்திருக்கும்போதே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். அரசாங்கம் கொடுத்த சைக்கிள். (2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005 வாக்கில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது.) பின் பிரேக்கைப் பிடித்துவிட்டால் திரும்ப விடவில்லை, ஸ்பிரிங் உடைந்திருந்தது. பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டி, ஸ்பிரிங் இருந்த இடத்தில் இழுத்துக் கட்டினார். ரெண்டு நிமிஷ வேலை. காசு வாங்கவில்லை. அப்புறம் முன் பிரேக் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். கம்பியில் ரெண்டு மூணு இழை விட்டிருந்தது. அது இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. "இது ஓடாதும்மா" என்று புதுக் கம்பியை எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டார். அவளிடம் காசு இல்லை. "நாளைக்குக் குடு."

டியூப் பட்டைக்கு ஒத்துக்கொண்டவர் அறாத கம்பிக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "அந்தப் பட்டை அறுந்தா என்ன ஆவும்? பிரேக் ஒரசும், மிதிக்கக் கஷ்டமா இருக்கும், நாளைக்கு இங்கதான் வந்து நிப்பா. இது அறுந்தா?" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

இந்த வேறுபாடுதான் அந்தப் புத்தகத்தில் எனக்குக் கிடைக்காதது. ஜுகாட் எல்லாவற்றுக்கும் தீர்வில்லை, முறைப்படியான ஆராய்ச்சியோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அந்த மூவரும் சொல்லாமல் இல்லை. ஆனால் எங்கே வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு அவர்கள் சந்தையையும் நிறுவனத்தையும் வைத்துப் பதில் சொல்கிறார்கள். கெட்டுப்போனால் எந்தப் பக்கமாகக் கெடும், அப்போது எதிரே யார் இருப்பார்கள் என்பது மேலாளர் நாற்காலியிலிருந்து தெரிவதில்லை போல.

டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் எழுதிய 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' இதற்கு எவ்வளவோ மேல். புதுக் கண்டுபிடிப்புகளின் வரலாற்றை விட்டுவிட்டு, மக்கள் உபயோகித்த, பராமரித்த பொருள்களின் வரலாற்றை எழுது என்கிறார். 2000 வாக்கில் உலகம் ஆண்டுதோறும் செய்த சைக்கிள்கள், கார்களைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல் என்று அவர் காட்டுவது நம்ம கண்ணோட்டத்தையே திருப்பிவிடுகிறது. டேவிட் அர்னால்டின் 'எவ்ரிடே டெக்னாலஜி' (2013) இந்தியாவில் சைக்கிள், தையல் மிஷின், தட்டச்சு, அரிசி ஆலை நாலையும் எடுத்துக்கொள்கிறது, பழுது பார்க்கிறவர்களுக்கும் இடம் தருகிறது. இருந்தாலும் ரெண்டு பேரிடமும் எனக்கு ஒரு குறை. பழுது பார்ப்பது அவர்களுக்குப் பொருளாதாரம், சமூக வரலாறு. பழுது பார்க்கிறவர் ஒரு வேலையை மறுக்கிற கணம் அதில் வருவதில்லை. எதைச் செய்ய மாட்டேன் என்கிறார் என்பதில்தான் ஒருத்தரின் தொழில் அறிவு தெரிகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பகுதியில் பேசினால் ஒரு கதை வராமல் இருக்காது. ரமணர் மலைமேல் இருந்த காலத்தில் கிழிந்த கோவணத்தைத் தைக்க சப்பாத்திக் கள்ளி முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்தார் என்பார்கள். என் கதையைக் கேட்ட பக்கத்து அறைக்காரர் உடனே அதைச் சொல்லி, "நீங்க செஞ்சதும் அதே மாதிரிதான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தையல் விட்டுப்போனால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் டயர் துண்டு விட்டுப்போனபோது அந்த அம்மா நடுவில் இருந்தார்.

பெரியவர் எனக்கு முன்னும் பின்னும் நாலு கட்டைகளும் புதுசாகப் போட்டு, முன் சக்கரத்தில் கோட்டம் எடுத்து, ரெண்டு கம்பியும் மாற்றினார். நல்ல மதியச் சாப்பாடு ரெண்டு சாப்பிடுகிற செலவுதான். டயர் துண்டில் இன்னொரு கட்டையும் அறுத்து சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை வாங்கிப் பார்த்து, "நல்லாத்தான் அறுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த மரப்பெட்டியின் காலுக்கு அடியில் செருகினார். பெட்டி ஆட்டம் நின்றது.