போடிமலைப் புல்லும் தீயும்

2018 மார்ச் 11 அன்று போடிமலையின் குரங்கணிச் சரிவில் பற்றிய தீ, மலையேற வந்தவர்களில் 23 பேரைப் பலிகொண்டது. அதன்பின் போடிமலையில் தீ என்றாலே குற்றம் என்ற பேச்சுதான். அதில் நியாயம் உண்டு. முழு உண்மை இல்லை.

கொழுக்குமலைக்குக் கீழே சரிவெங்கும் ஆள் மறைக்கும் புல். தைலப்புல்லின் குருத்து மண்ணையொட்டி இருப்பதால் மேலே எரிந்தாலும் அடி பிழைக்கிறது. கருகிய தூரிலிருந்து மழைக்கு முன்பே பச்சை எட்டிப் பார்க்கும். பட்டை தடித்த வேங்கையும் கருகித் தழைக்கும். முற்றிய புல்லை அதிகம் விரும்பாத காட்டுமாடும் மிளாவும் இந்தத் துளிரைத் தேடி வரும். மேய்ச்சல்காரர் தீ வைப்பதும் இதற்காகத்தான்.

ஆனால், மாசி பங்குனியில் ஆண்டுதோறும் வைக்கிற தீயின் கணக்கு வேறு. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையும் குஞ்சும் தப்புவதில்லை. மரக்கன்றுகள் தீ எட்டாத உயரத்தைத் தொடும் முன்பே கருகுகின்றன; வேர் பிழைத்தாலும் மரம் ஆவதில்லை. கோடைமழை சாம்பலோடு மேல்மண்ணையும் கொட்டகுடி ஆற்றில் சேர்க்கிறது. மிக மோசமான சேதம் சோலைக்காட்டின் ஓரத்தில். அங்குள்ள மரங்களுக்குப் பட்டை மெல்லியது. ஓரம் செத்தால் புல் நுழையும். அடுத்த தீ இன்னும் உள்ளே போகும். ஏலக்காய்ச் செடிக்கு நிழல் தருவதும் ஈரம் காப்பதும் அந்த மரங்களே.

அப்படியானால் அடியோடு தடுத்துவிடலாமா? 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் எரியாத புல் ஆண்டுக்காண்டு சேர்ந்து, ஒருநாள் பற்றினால் அணைக்க முடியாத தீயாகிறது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதக் கால்களை முந்திவிடும். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், கோடை முற்றுமுன் சருகை எரித்த சோளகர் பழங்குடியினரின் வழக்கம் தடைபட்ட பின்னரே உண்ணிச்செடி காட்டை அடைத்தது என்பது அவர்களின் வாதம். கேரளத்தின் இரவிகுளத்தில் வரையாட்டின் மேய்ச்சலுக்காகக் குளிர்காலத்தில் புல்லைத் திட்டுத்திட்டாக எரித்ததுண்டு.

ஆக, குற்றவாளி தீ அல்ல. அதன் பருவமும் அளவும் கேட்பாரற்ற தன்மையும்தான். வனத்துறை, இந்தச் சரிவுகளை அறிந்த பழங்குடிகளான முதுவரையும் பளியரையும் கூட்டிக்கொண்டு, தை மாதத்தில் சோலையை விட்டு விலகிச் சிறு சிறு திட்டுகளாக, சுழற்சி முறையில் எரித்துப் பார்க்க வேண்டும். சோலையோரத்துத் தீத்தடுப்புக் கோடுகளை அதற்கு முன்பே செதுக்கி முடிக்க வேண்டும். பங்குனியில் யார் வைத்தாலும் தண்டனை, தையில் முறையோடு வைத்தால் பராமரிப்பு என்று பிரித்துப் பார்க்கிற விதிதான் போடிமலைக்கு வேண்டும்.