டெஸ்ட் நாள் கணக்கு

மோட்டோஜிபி பைக் பந்தயப் பருவத்தின் கடைசிப் பந்தயம் பெரும்பாலும் ஸ்பெயினில், வலென்சியாவுக்குப் பக்கத்தில் உள்ள செஸ்தே தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியும். செவ்வாய்க்கிழமை காலையே அங்கு டெஸ்ட் என்ற சோதனை ஓட்டத்தோடு அடுத்த பருவம் தொடங்கிவிடும். அணி மாறிய வீரர்கள் புது பைக்கில் முதல்முறையாக ஏறுவது அன்றுதான். மாலையில் ஒரு நேரப் பட்டியல் வெளியாகும். யார் முதலிடம், யார் எவ்வளவு பின்தங்கினார் என்று விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அதில் இருக்கும். அன்று இரவே ரசிகர்கள் அடுத்த சாம்பியனைத் தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்கள்.

அந்தப் பட்டியலை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் அந்த நாளை நம்புகிறேன். இரண்டும் வேறு வேறு என்பதற்கு மோட்டோஜிபி வரலாற்றிலேயே போதுமான சாட்சி இருக்கிறது.

அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்பட்ட டெஸ்ட், 2023 நவம்பர் 28 அன்று மார்க் மார்க்கெஸ் ஓட்டியது. ஹோண்டாவில் பதினோரு பருவங்கள், ஆறு மோட்டோஜிபி பட்டங்கள். 2020 ஹெரெஸ் விபத்தில் வலக்கை எலும்பு முறிந்து, அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக அறுவைச் சிகிச்சைகள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டு இருக்கும்போதே ஹோண்டாவை விட்டு, கிரெசினி என்ற தனியார் அணியின் டுகாட்டிக்கு வந்திருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, நொய்டா அருகே புத் தடத்தில் நடந்த இந்தியப் பந்தயத்தில் அவரை நம்மவர்கள் நேரில் பார்த்தார்கள். சனிக்கிழமை ஸ்பிரின்ட்டில் மூன்றாமிடம். ஞாயிறன்று முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் விழுந்தார், எழுந்து ஓட்டி ஒன்பதாவதாக முடித்தார். அந்தப் பருவத்தில் எல்லோரையும்விட அதிகமுறை விழுந்தவர் அவர்தான். ஹோண்டாவிடம் இல்லாத வேகத்தைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம்.

வலென்சியாவில் டுகாட்டி ஜிபி23-ல் சில சுற்றுகள் ஓட்டி கேரேஜுக்குத் திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகத்தில் சிரிப்பு. ஹோண்டா ஒப்பந்தம் டிசம்பர் இறுதிவரை அமலில் இருந்ததால் செய்தியாளர்களிடம் அவர் வாய் திறக்க முடியாது. அதனால் அந்தச் சிரிப்பையே உலகம் பேட்டியாக எடுத்துக்கொண்டது. நாள் முடிவில் நான்காமிடம். முதலிடம் பிடித்த மவெரிக் வின்யாலெஸைவிட 0.171 விநாடிதான் அதிகம்.

அந்த நான்காமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். செஸ்தே தடம் 4.005 கிலோமீட்டர், 14 வளைவுகள். அதில் ஒன்பது இடப்பக்கம் திரும்புபவை. இடப்பக்க வளைவுகளில் மார்க்கெஸை மிஞ்ச ஆள் கிடையாது என்பது மோட்டோஜிபி பார்க்கும் யாருக்கும் தெரியும். காயம்பட்ட வலக்கைக்கும் அங்கே வேலை குறைவு. அடுத்து, இரண்டு நாள் முன்புதான் பந்தய வார இறுதி முடிந்திருந்தது. தடம் முழுக்க மிஷெலின் டயர்களின் ரப்பர் அப்பியிருக்கும், பிடிப்பு உச்சத்தில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் அவர் ஏறிய பைக். ஜிபி23 என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெக்கோ பன்யாயாவுக்குப் பட்டம் வாங்கித் தந்த பைக். ஒரு வருடம் முழுக்கச் செதுக்கி முடித்தது. அதே நேரத்தில் பன்யாயா என்ன செய்துகொண்டிருந்தார்? புது ஜிபி24-ன் எஞ்சினையும் ஃபேரிங்கையும் மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒருவர் முடிந்த வேலையின் மேல் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் தொடங்கிய வேலையின் மேல். இருவரின் நேரத்தையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக எழுதி வைத்தால் அதற்கு என்ன பொருள்?

வின்யாலெஸ் பெயர் இங்கே வந்தது பொருத்தம்தான். டெஸ்ட் நேரங்களால் கெட்டுப்போன எதிர்பார்ப்புக்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. 2016 நவம்பரில் சுசுகியிலிருந்து யமஹாவுக்கு வந்தார். முதல் டெஸ்டிலேயே முதலிடம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் செபாங், ஃபிலிப் ஐலண்ட், கத்தார் என்று போன இடமெல்லாம் முதலிடம். 2017-ன் முதல் இரண்டு பந்தயங்களையும் வென்றார். சரி, முடிந்தது கதை என்று எல்லோரும் எழுதினார்கள். மே மாதம் லெ மான்ஸில் ஒரு வெற்றி வந்தது, அதற்குப் பின் அந்தப் பருவம் முழுக்க ஒன்றுமில்லை. கடைசியில் சாம்பியன்ஷிப்பில் மூன்றாமிடம். புது டயரில் தனியாக ஒரு லேப் ஓட்டுவதில் அவர் இன்றும் கெட்டிக்காரர். பந்தயத்தில் டயர் தேயும், பெட்ரோல் டேங்க் நிறைந்திருக்கும், முன்னால் ஏழெட்டுப் பேர் போவார்கள், வெப்பம் மாறும். டெஸ்ட் நாள் பட்டியல் இதில் எதையும் அளப்பதில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால், பைக் வீரரை நோக்கி எவ்வளவு தூரம் நகர முடியும், அவர் கேட்பதைத் தொழிற்சாலை செய்து கொடுக்குமா என்பதைப் பார்க்கச் சொல்வேன். வீரர் பிட்டுக்குள் வந்ததும் பொறியாளர்களிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், கவனித்திருப்பீர்கள். அந்தக் கை எங்கே போகிறது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. ஹேண்டில்பார் கோணம், ஃபுட்பெக் உயரம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, சாயங்காலத்துக்குள் சரியாகும். முன்சக்கரம் என்ன செய்கிறது என்று தெரியவில்லை என்பதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தால் விவகாரம் பெரிது.

வாலன்டினோ ரோஸ்ஸி இந்த இரண்டையும் பார்த்தவர். 2003 இறுதியில் அவர் ஹோண்டாவை விட்டபோது, ஒப்பந்தம் முடியும்வரை யமஹாவை ஓட்ட ஹோண்டா அனுமதிக்கவில்லை. எனவே 2004 ஜனவரியில் செபாங்கில்தான் முதல் டெஸ்ட். யமஹா 1992-ல் வெய்ன் ரெய்னிக்குப் பிறகு உயர்பிரிவில் பட்டம் வென்றதில்லை. 2003-ல் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மூன்றாமிடம். ஆனால் அங்கே மசாவோ ஃபுருசாவா என்ற பொறியாளர் இருந்தார். ரோஸ்ஸியின் முன்னால் நான்கு விதமான எஞ்சின்களை வைத்தார்: சிலிண்டருக்கு நான்கு வால்வு அல்லது ஐந்து வால்வு, வழக்கமான க்ராங்க் அல்லது கிராஸ்பிளேன் க்ராங்க். ரோஸ்ஸி தேர்ந்தெடுத்தது நான்கு வால்வு கிராஸ்பிளேன்.

அந்தத் தேர்வில் நுட்பம் இருக்கிறது. வழக்கமான நான்கு சிலிண்டர் க்ராங்க் ஷாஃப்ட்டில் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் நின்று கிளம்புவதால், எரிபொருள் எரிவதால் வரும் இழுவையோடு பிஸ்டன்களின் எடையால் வரும் அசைவும் கலந்துவிடும். வீரர் த்ராட்டிலைத் திருப்பும்போது பின்சக்கரத்துக்குப் போவது அந்தக் கலவை. கிராஸ்பிளேன் அமைப்பில் பிஸ்டன்கள் 90 பாகை இடைவெளியில் இருப்பதால் அந்த வேண்டாத அசைவு பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கை கேட்டது மட்டும் சக்கரத்துக்குப் போகும். ரோஸ்ஸி குதிரைசக்தியைத் தேடவில்லை, தன் வலக்கைக்கும் பின் டயருக்கும் நடுவே குறுக்கீடு இல்லாத ஒரு பாதையைத் தேடினார். ஹோண்டாவிலிருந்து தன்னோடு வந்த தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜெஸ் பக்கத்தில் இருந்தார். ஏப்ரல் 18, தென்னாப்பிரிக்காவின் வெல்கம் தடத்தில் முதல் பந்தயம். ஹோண்டாவில் இருந்த மாக்ஸ் பியாஜியை 0.210 விநாடியில் வென்றார். அந்த ஆண்டு ஒன்பது வெற்றிகள், பட்டம்.

அதே ரோஸ்ஸி, அதே பர்ஜெஸ், 2010 நவம்பரில் வலென்சியாவில் டுகாட்டி. இரண்டு நாள் டெஸ்ட் முடிவில் பதினைந்தாவது. யாரும் பதறவில்லை, காரணம் கையிலேயே இருந்தது: தோள்பட்டைக் காயம், ஜூன் மாதம் முஜெல்லோவில் உடைந்த கால். தோள் சரியானதும் நேரமும் சரியாகும் என்று இத்தாலி முழுக்க நம்பியது. தோள் சரியானது. நேரம் சரியாகவில்லை. இரண்டு பருவம், மூன்று மேடை ஏற்றங்கள், வெற்றி ஒன்றுமில்லை.

தவறு எங்கே இருந்தது என்பதை டெஸ்டுக்கு முன்பே ஊகித்திருக்கலாம் என்பது என் கட்சி. அந்த டுகாட்டியில் தொடர்ந்து வென்றவர் கேசி ஸ்டோனர் ஒருவர்தான். 2008-ல் மார்கோ மெலாந்த்ரி அதே பைக்கில் அடையாளம் தெரியாமல் போனார், அடுத்த ஆண்டு வந்த நிக்கி ஹேடனும் திணறினார். அந்த பைக் முன்சக்கரத்தின் நிலையை வீரருக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே ஓட்டத் தெரிந்தவர் ஸ்டோனர். அவர் அன்று ஹோண்டாவுக்குப் போய்விட்டார், 2011 பட்டத்தையும் வென்றார். ரோஸ்ஸியின் பொறியாளர்களிடம் மிஞ்சியது ஸ்டோனரின் டேட்டா. வேறு யாராலும் பின்பற்ற முடியாத ஒருவரின் டேட்டாவை வைத்து என்ன கற்பது?

2023-ன் மார்க்கெஸுக்கு நிலைமை நேர்மாறு. தடத்தில் எட்டு டுகாட்டிகள் ஓடின. சாம்பியன்ஷிப்பின் முதல் மூன்று பேர் (பன்யாயா, ஹோர்கே மார்ட்டின், மார்கோ பெசெக்கி) மூவரும் டுகாட்டி, மூவரும் மூன்று விதமாக ஓட்டுபவர்கள். ஒரு வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எப்போது பின்பிரேக்கைத் தொடுவது என்று மூன்று விடைகள் கணினியில் தயாராக இருந்தன. ஹோண்டாவில் அவர் முன் டயரை நசுக்கி நசுக்கியே பைக்கை நிறுத்திப் பழகியவர். டுகாட்டி பின்சக்கரத்தையும் சேர்த்து நிறுத்தக் கேட்கும் பைக். பழைய பழக்கத்தை மறக்க மாதங்கள் ஆகும் என்பது அந்தச் சிரிப்பிலும் தெரியவில்லை, 0.171-லும் தெரியவில்லை. உண்மையில் முதல் வெற்றி வர 2024 செப்டம்பர் 1 ஆனது, அரகோனில். ஒன்பது மாதம்! ஆனால் வந்தபிறகு நிற்கவில்லை. அந்த ஆண்டு 20 பந்தயங்களில் 19-ஐ டுகாட்டி வென்றது. 16 புது ஜிபி24-களுக்கு, மூன்று மார்க்கெஸின் பழைய ஜிபி23-க்கு. அந்தப் பழைய பைக்கில் வேறு யாரும் ஒன்றுகூட வெல்லவில்லை. 2025-ல் டுகாட்டி தலைமை அணிக்குப் போய், ஐந்து சுற்றுகள் மீதமிருக்கும்போதே மொத்தேகியில் பட்டத்தை முடித்தார்.

ஹோர்கே லொரென்ஸோவின் கதை எனக்கு எப்போதுமே வயிற்றெரிச்சல். யமஹாவில் மூன்று பட்டம் வென்றுவிட்டு 2017-ல் டுகாட்டிக்கு வந்தார். அதற்கு முந்தைய நவம்பர் டெஸ்டில் நேரம் நன்றாகவே இருந்தது. ஆனால் டுகாட்டி கடுமையாக பிரேக் பிடிக்கச் சொல்லும் பைக். அவரோ வழவழவென்று வேகம் குறையாமல் வளைபவர். பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்க இடமில்லாமல் கைகள் களைத்துப்போயின. தொடையால் அழுத்திப் பிடிக்கத் தோதாக டேங்க்கின் வடிவத்தை மாற்றித் தரக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 ஜூன் 3 அன்று முஜெல்லோவில் அது பைக்கில் இருந்தது. அன்றே வென்றார், அடுத்த பந்தயத்தையும் வென்றார். இதற்குள் டுகாட்டி அவரை விட்டுவிட முடிவுசெய்திருந்தது, முஜெல்லோ முடிந்த சில நாட்களில் ஹோண்டா ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. ஹோண்டாவில் ஒருமுறைகூட மேடை ஏறாமல் 2019-ல் ஓய்வு பெற்றார். ஒன்றரை ஆண்டு, ஒரு டேங்க் மூடித் துண்டுக்காக.

டிசம்பர், ஜனவரி மாதங்களின் பெரும்பகுதியில் இப்போது டெஸ்ட் ஓட்டத் தடை உண்டு என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். நவம்பரின் அந்த ஒரு நாளில் வீரர் கேட்டதை வைத்துத்தான் தொழிற்சாலை இரண்டு மாதம் வேலை செய்யும். கேட்டதைக் காதில் வாங்கும் தொழிற்சாலையா என்பது பிப்ரவரியில் செபாங்கில் தெரியும்.

2027-ல் இந்தக் கணக்கே மாறப்போகிறது. எஞ்சின் 1000 சிசியிலிருந்து 850-க்கு இறங்குகிறது, பைக்கின் உயரத்தைத் தாழ்த்தும் கருவிகளுக்குத் தடை வருகிறது, மிஷெலின் போய் பிரெல்லி டயர் வருகிறது. முடிந்த வேலையின் மேல் உட்கார யாருக்கும் பைக் இருக்காது. சேர்த்துவைத்த டேட்டாவும் பழசாகியிருக்கும். அந்த டெஸ்ட்களில் நான் கண்வைக்கப்போவது தொப்ராக் ரஸ்கட்லியோலு மீது. மூன்று முறை சூப்பர்பைக் உலகச் சாம்பியன், 2026-ல்தான் யமஹாவுக்காக மோட்டோஜிபிக்கு வருகிறார். மிஷெலினில் அவருக்கு இந்த ஒரு வருடம் சிரமமாக இருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் சூப்பர்பைக்கில் அவர் ஓட்டி வளர்ந்தது முழுக்க பிரெல்லி. 2024 முதல் மோட்டோ2-விலும் பிரெல்லிதான் என்பதால் அங்கிருந்து வரும் இளைஞர்களுக்கும் அந்த டயரின் தேய்மானம் தெரியும். புது டயரில் அடிக்கும் ஒற்றை லேப்பில் இந்த அனுபவம் பெரிதாகத் தெரியாது. ஒரே டயரில் பதினைந்து இருபது லேப் தொடர்ந்து ஓட்டும்போது, கடைசி ஐந்து லேப்பின் நேரத்தில் தெரியும்.