விசாரிக்கப்படாதவனின் வாக்குமூலம்: ஷோலகோவின் போர்க்கைதி பற்றிய மறுநோக்கு

சோவியத் இலக்கியத்தை மொழிபெயர்ப்புகள் வாயிலாகப் பயின்ற நம்மவரிற் பலர் அந்திரேய் சொக்கலோவை அறிவர். மிக்கயில் ஷோலகோவ் எழுதிய ‘ஒரு மனிதனின் விதி’ என்னும் கதையின் நாயகன் அவன். வொரோனெஷ் நகரத்து லொறிச் சாரதி. 1942 மே மாதத்தில் ஜேர்மானியரிடம் சிறைப்பட்டவன். ஈராண்டுகளின் பின் தப்பி மீண்டவன். மனைவி மக்கள் யாவரையும் இழந்தபின், தெருவிற் கண்ட அநாதைச் சிறுவனொருவனைத் தன் மகனென ஏற்றுக்கொண்டவன். இக்கதையைப் பற்றிப் பேசுங்கால் முற்போக்கு அணியினராகிய நாம் இரண்டு விடயங்களையே பெரிதும் வற்புறுத்தி வந்துள்ளோம். சாதாரண மனிதனின் உறுதி ஒன்று. பாசிசத்தின் கொடுமை மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் சொக்கலோவ் ஒரு போர்க்கைதி என்பதும், போர்க்கைதியாக இருந்தமை அவனது நாட்டிலே என்ன பொருள்பட்டது என்பதும் உரிய அளவு நோக்கப்படவில்லை. இன்று கதையை மீண்டும் படிக்கும்போது இவ்வினாவை ஒதுக்கி வைத்தல் இயலாது.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்தல் அவசியமாகும். 1941 ஆகஸ்ட் 16ஆம் திகதி பிறப்பிக்கப்பட்ட 270ஆம் இலக்கக் கட்டளை, சரணடையும் தளபதிகளையும் அரசியல் அலுவலரையும் கடமை துறந்தோடியவராகக் கருதி, அவர்தம் குடும்பத்தினரைக் கைது செய்ய வகைசெய்தது. சரணடையும் சாதாரண வீரரின் குடும்பங்களுக்கோ அரச உதவி மறுக்கப்பட்டது. (ஸ்டாலினின் மகன் யாக்கொவ் 1941 யூலையிற் சிறைப்பட்டபோது அவரது மனைவியும் கைதுசெய்யப்பட்டார்.) அவ்வாண்டின் இறுதியிலிருந்து, பகைவர் கையிலிருந்து மீண்டோரை விசாரிப்பதற்கெனத் தனி முகாம்கள் அமைக்கப்பட்டன. ஜேர்மன் வரலாற்றாசிரியர் கிறிஸ்ரியான் ஸ்ட்ரைட் 1978இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறைப்பட்ட சோவியத் வீரர் சுமார் 57 இலட்சம் பேர்; அவருள் 33 இலட்சம் பேர் மாண்டனர். பட்டினியாலும் குளிராலும் திட்டமிட்ட கொலையாலும் நிகழ்ந்த இப்பேரழிவின் பொறுப்பு நாசிகளுடையதே. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் எஞ்சியவர் வீடு திரும்பியபோது அவர்களை எதிர்கொண்டது ஐயமே. அனைவரும் தண்டிக்கப்பட்டனர் என்பது மிகைக்கூற்று. பலர் மீண்டும் படையிற் சேர்க்கப்பட்டனர். பலர் வீடு சென்றனர். வேறு பலர் தொழிற் படைப்பிரிவுகளுக்கும் தண்டனை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். வீடு சென்றவரையும் அக்கறை தொடர்ந்தது. வேலைக்கான படிவத்திலே, சிறைப்பட்டிருந்ததுண்டா என்ற வினா அவர்களுக்காகக் காத்திருந்தது.

இந்நிலை உத்தியோகபூர்வமாகக் கண்டிக்கப்பட்டது 1956 யூன் 29இலே. கட்சியின் மத்திய குழுவும் அமைச்சரவையும் இணைந்து, முன்னாட் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் இழைக்கப்பட்ட சட்டமீறல்களின் விளைவுகளை நீக்குமாறு தீர்மானித்தன. ஏறத்தாழ ஆறு மாதங்களின் பின், 1956 டிசம்பர் 31ஆம் திகதியும் மறுநாளும் ‘பிராவ்தா’வில் ஷோலகோவின் கதை வெளிவந்தது. கட்சியின் நாளேட்டிலே போர்க்கைதியொருவன் நாயகனாகத் தோன்றியமை எத்தகைய நிகழ்வு என்பதை இத்திகதிகள் உணர்த்தும். கதையின் சமர்ப்பணமும் மனங்கொள்ளத்தக்கது. 1903 முதல் கட்சி அங்கத்தவராயிருந்த லெவித்ஸ்காயா அம்மையாருக்கு அது உரித்தாக்கப்பட்டுள்ளது. அவருடைய மருமகனான பொறியியலாளர் கிளெய்மியோனொவ் 1938இற் சுட்டுக்கொல்லப்பட்டுப் பின்னர் குற்றமற்றவரெனப் பிரகடனப்படுத்தப்பட்டவர். கதை பேசாதுவிட்ட ஒன்றை அதன் முதற் பக்கத்துப் பெயரொன்று அறிந்தோர்க்கு உணர்த்தி நிற்கிறது எனலாம்.

இனிக் கதையின் அமைப்பை நோக்குவோம். சொக்கலோவ் சிறைப்பட்ட விதம் எத்துணைக் கவனத்துடன் அமைக்கப்பட்டுள்ளது! பீரங்கிப் படையினருக்குக் குண்டுகள் ஏற்றிச் செல்லுகையில் வெடியதிர்ச்சியால் நினைவிழந்து வீழ்கிறான்; விழிக்கும்போது பகைவர் சூழ்ந்திருக்கின்றனர். அவன் சரணடையவில்லை. முதலிரவிலேயே, தேவாலயத்தில் அடைக்கப்பட்டிருக்கும்போது, தன் படைப்பிரிவுத் தலைவனைக் காட்டிக்கொடுக்க எண்ணியவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். ட்ரெஸ்டன் அருகிலுள்ள முகாமிலே, கல்லுடைக்கும் அளவு பற்றி அவன் கசந்து கூறியது முகாம் தலைவனான முல்லரின் செவிக்கு எட்டுகிறது. சாவை எதிர்நோக்கி நின்ற வேளையிலும் ஜேர்மன் வெற்றிக்காகக் குடிக்க மறுக்கிறான். தன் சாவுக்காகக் குடிக்கிறான். மூன்றாவது குவளைவரை பாணைத் தொடவில்லை. இறுதியாகத் தப்பும்போதும் வெறுங்கையுடன் வரவில்லை. தான் சாரதியாயிருந்த ஜேர்மன் மேஜரை ஆவணங்களோடு காரிலேற்றிக் கொணர்கிறான். சோவியத் கேணல் அவனைத் தழுவிக்கொள்கிறார். விருதுக்குச் சிபாரிசு செய்வதாகவும் கூறுகிறார்.

ஒவ்வொரு நிகழ்வும் ஒரு வினாவுக்கு விடையாகவே அமைகிறது. ஏன் சிறைப்பட்டாய்? ஏன் சாகவில்லை? பகைவனுக்கு என்ன செய்து கொடுத்தாய்? எதைக் கொண்டு மீண்டாய்? கதையில் எவரும் இவ்வினாக்களைக் கேட்கவில்லை. கேட்கப்படாத வினாக்களுக்கு ஒழுங்குதவறாது விடையளிப்பதே சொக்கலோவின் கூற்றுக்கு வாக்குமூலத்தின் வடிவத்தைத் தருகின்றது. விசாரணை முகாம் கதையில் இல்லை. ஆனால் கதையின் கட்டுக்கோப்பே அம்முகாமை முன்னிருத்தியது. ஷோலகோவ் போர்க்கைதியை விடுவிக்கிறார். எனினும் ஐயத்தின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே விடுவிக்கிறார்.

இதன் இடர்ப்பாடு எங்கே வெளிப்படுகிறது? முல்லர் கொடுத்த பாணையும் பன்றிக்கொழுப்பையும் சொக்கலோவ் கொட்டடிக்குக் கொண்டுவருகிறான். நூலினால் அறுத்து அனைவருக்கும் சமமாகப் பங்கிடுகின்றனர். கதையின் உச்சம் இதுவே என்பது நமது துணிபு. ஆயினும் பாண் சமமாகப் பங்கிடப்பட்ட அளவுக்குக் கௌரவம் பங்கிடப்படவில்லை. அக்கொட்டடியில் எஞ்சியிருந்தவர் 1945இலே விடுவிக்கப்பட்டிருப்பின், அவர்கள் கையில் மேஜரும் இல்லை, ஆவணமும் இல்லை. அவர்களை யார் தழுவிக்கொண்டிருப்பர்? கதை அவர்களிடம் திரும்புவதேயில்லை.

அவர்களுள் ஒருவனை நாம் பிறிதொரு நூலிற் சந்திக்கிறோம். 1962 நவம்பரில் ‘நோவி மீர்’ இதழில் வெளிவந்த சொல்ஜெனிட்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்விலே ஒரு நாள்’ காட்டும் ஷூகொவ், 1942 பெப்ரவரியிற் சிறைப்பட்டு ஓரிரு நாட்களிலேயே தப்பி வந்தவன். உண்மையைக் கூறியமையே அவன் குற்றமாயிற்று. ஒற்றனென ஒப்பமிடாவிடின் சாவு. ஒப்பமிட்டால் பத்தாண்டுச் சிறை. ஒப்பமிட்டான். ஒரே படை, ஒரே ஆண்டு, சிறைப்பட்ட திங்கள்களுக்கிடையே மூன்று மாத இடைவெளி. ஒருவன் தழுவப்பட்டான், மற்றவனுக்குச் சிறை கிடைத்தது. 1961இல் வெளியான சுக்ராயின் ‘தெளிந்த வானம்’ என்னும் திரைப்படமும், மீண்டுவந்த விமானியொருவன் ஒதுக்கப்பட்டமையை ஓரளவு வெளிப்படையாகவே காட்டிற்று.

சொல்ஜெனிட்சின் பிற்காலத்திலே ‘குலாக் தீவுக்கூட்ட’த்தில் ஷோலகோவின் கதையைக் கடுமையாகச் சாடினார். சாட்டின் அடிப்படையை நாம் மறுப்பதற்கில்லை. இவ்வுண்மையைச் சொன்னவர் நமக்கு உவப்பில்லாத அரசியலுக்குரியவர் என்பதனால் அதனைத் தள்ளிவிடுதல் விமர்சன நேர்மையாகாது; அத்தகைய தள்ளிவைப்புகளை நம்மிடையே நாம் கண்டதுண்டு. ஆயினும் கதை முழுவதையும் அரசியற் பொய்யெனக் கொள்ளுதலும் பொருந்தாது. வாக்குமூலத்துள் அடங்காத பகுதிகள் அதிலே உள. எல்லாக் குற்றத்தினின்றும் தன்னை விடுவிக்கும் சொக்கலோவ் ஒன்றில் மாத்திரம் தன்னைத்தானே குற்றவாளியாக்குகிறான். புகையிரத நிலையத்திலே, இனிக் காணமாட்டோம் என்று பற்றியழுத மனைவி இரீனாவை அவன் தள்ளிவிட்டிருந்தான். எந்த விசாரணைக் குழுவும் கேட்டிராத குற்றம் அது. அதையே அவன் தனக்கு மன்னிக்கவில்லை. அவன் யாரிடம் இதனைச் சொல்கிறான் என்பதும் கவனிப்புக்குரியது. ஆற்றங்கரையிலே காத்திருக்கும் கதைசொல்லியைத் தன்னைப் போன்ற சாரதியென எண்ணி, சகோதரனே என விளித்தே பேசுகிறான். கதைசொல்லியும் அவ்வெண்ணத்தை மறுக்கவில்லை. அதிகாரியிடம் கூறவியலாததைத் தொழிலாளியிடம் கூறலாம் என்பது ஷோலகோவுக்குத் தெரிந்திருந்தது.

போருக்குப் பிந்திய வாழ்விலே அரச அதிகாரம் ஒரே ஒருமுறை குறுக்கிடுகிறது. சேற்றில் லொறி சறுக்கிப் பசுவொன்றை வீழ்த்துகிறது. பசு எழுந்து போய்விட்டது. பரிசோதகரோ, எவ்வளவு மன்றாடியும் இரங்காது, சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறித்துக்கொள்கிறார். ஜேர்மன் மேஜரைக் கொணர்ந்தவன் பசுவொன்றினால் வேலையிழந்து, சிறுவனைக் கைப்பிடித்துக் கால்நடையாகச் செல்கிறான். இச்சிறு நிகழ்விற் பெரும் பொருளை ஏற்றுதல் தவறாகலாம். எனினும் இதன் கசப்பு, கேணலின் தழுவலைவிட நம்பத்தக்கதாயுள்ளது. இறுதிப் பந்தியிலே, சிறுவன் வளர்ந்து தாயகத்தின் அழைப்புக்கு எதையும் தாங்குவான் என்று கதைசொல்லி கூறுவது நமக்கு அத்துணை உவப்பானதன்று. அது நாளேட்டின் குரல்.

வான்யாவின் பகுதியே கதையின் உண்மையான மறுவாழ்வு. உர்யூப்பின்ஸ்க் தேநீர்ச்சாலை வாசலிற் கிடந்த சிறுவனிடம், நானே உன் தந்தை எனச் சொக்கலோவ் பொய் கூறுகிறான். சான்று எதுவுமில்லை, சிறுவன் கேட்கவுமில்லை. முன்னாட் கைதி ஒருவன் சான்றின்றி நம்பப்படுவது கதையில் இவ்விடத்திலேதான். ஆனால் ஒரு நாள் சிறுவன் வினவுகிறான்: தந்தையின் தோல் மேலங்கி எங்கே? மாண்டுபோன தந்தையின் மேலங்கி அவன் நினைவில் மின்னி மறைகிறது. வொரோனெஷில் விட்டுவந்ததாகச் சொக்கலோவ் சமாளிக்கிறான். தன்னைத் தேடி வர ஏன் இத்தனை காலம் சென்றது என்பது அடுத்த வினா. ஜேர்மனியிலும் போலந்திலும் தேடினேன், பெலோருசியா முழுவதும் அலைந்தேன் என்கிறான் அவன். அவன் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட நிலப்பரப்பும், தப்பி மீண்ட வழியும் இப்பெயர்களுள் அடங்குகின்றன. படிவத்திலே எழுத அஞ்ச வேண்டிய ஊர்ப் பெயர்களையே, மகனைத் தேடியலைந்த ஊர்களாக அவன் சிறுவனுக்குக் கூறுகிறான். சிறுவன் அதனை ஏற்றுக்கொண்டு, தங்கள் வீட்டிலிருந்து போலந்து எவ்வளவு தூரம் என்று கேட்கிறான்.